பழைய துவக்கைப் புதிதாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் பழைய வின்செஸ்டர் துவக்குகளைச் சேர்ப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். துவக்கு என்றாலே முகம் சுளிக்கிற வீடுகள் எங்கள் மட்டக்களப்பில் நிறைய. காரணம் சொல்லத் தேவையில்லை. நான் எழுதுவது அந்தக் காலத்து இரும்பு வேலையைப் பற்றி. கல்லடியில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். எனக்குத் தொழில் பழக்கிய பறங்கியர், நிலச்சொந்தக்காரப் போடியார்மாரின் ஒற்றைக்குழல் துவக்குகளைத் திருத்துவதில் பேர்போனவர்.

துருவைச் சுரண்டி, குழலுக்குப் புதுச் சாயம் ஏற்றி, பிடங்குக்கு, அதாவது தோளில் அணைக்கிற மரக்கட்டைக்கு, வார்னிஷ் பூசினால் விலை கூடும் என்று கட்டுரையில் இருக்கிறது. அது முழுப் பிழை. தொழிற்சாலையில் ஏற்றிய நீலச் சாயம் எவ்வளவு மிச்சம் என்றுதான் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். மெருகுச் சில்லில் பிடித்தால் துவக்கின் உலோகச் சட்டத்தின் கூர் விளிம்புகள் மழுங்கிப்போகும், குழலில் அடித்த எழுத்துகளும் தேயும். பிறகு என்ன செய்தாலும் அவை திரும்பி வராது.

கனடாவில் மகளிடம் போயிருந்தபோது வின்செஸ்டரின் 1873 மாதிரித் துவக்கு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விசையைச் சுற்றியுள்ள நெம்பு வளையத்தைக் கீழே தள்ளினால் பித்தளைத் தூக்கி ஒன்று மேலே எழும்பும். வெற்றுக்கோதை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவருவது அந்த அசைவுதான். இதற்கு முன்னோடியாக 1860இல் பென்ஜமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற துவக்கில் தோட்டாக்களை முன்பக்கத்தால்தான் நிரப்ப வேண்டியிருந்தது. 1866இல் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்து அந்தக் கரைச்சலைத் தீர்த்தார்கள். நான் பார்த்ததில் முன்கட்டை மரம் ஓரிடத்தில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. குதிரைச் சேணத்தில் குறுக்கே வைத்துக் கொண்டுபோன தேய்மானம் அது. அதைச் சீவி வார்னிஷ் அடித்தால் அந்தத் துவக்கு எப்படி வாழ்ந்தது என்பதை எதை வைத்துச் சொல்வது?

2014இல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஜூனிப்பர் மரமொன்றில் சாய்த்தபடியே 1873 மாதிரி ஒன்று கிடந்தது. அது 1882இல் செய்யப்பட்டது. வெயிலும் பனியும் பட்டு மரம் வெளிறி வெடித்து, குழல் துருவேறியிருந்தது. வயோமிங்கில் கோடி (Cody) என்ற ஊரிலுள்ள துவக்கு அருங்காட்சியகத்தார் மரம் மேலும் உதிராமல் பிடித்து நிறுத்தினார்களே தவிர, அதைப் புதிதாக்கவில்லை. இன்று சனம் பார்க்கப் போவது அந்த வெளிறலையும் துருவையும்தான்.

புதிதாக்கினால் விலை கூடும் என்ற அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தாத்தா காலத்துத் துவக்கை லைசென்சோடு வைத்திருப்பவர்களும் அந்தக் கட்டுரையை வாசித்திருப்பார்கள். கம்பித் தூரிகையும் சாண்ட் பேப்பரும் எடுக்காமல், மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தாலே வாவிப் பக்கத்து உப்புக்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
கல்லடி, மட்டக்களப்பு.