அளவும் நேரமும் சொல்லாத அரிப்பு வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூச்சிக்கடி அரிப்புக்கான வீட்டு வைத்தியக் குறிப்புகளில் எதைத் தடவலாம் என்று இருக்கும். எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று இருக்காது. தோல் புண்ணாவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

கொசு கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் இறங்குகிறது. அதை எதிர்த்து உடல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுவதால்தான் தடிப்பும் அரிப்பும். மேலே பூசுகிற எதுவும் உள்ளே போனதை உறிஞ்சி எடுக்காது. அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். அதற்குக் குளிர்ச்சியே போதும். கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். துணியில்லாமல் அழுத்தினால் தோல் மரத்து, குளிரே புண்ணாக்கிவிடும்.

அடுத்தது சமையல் சோடா. மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். பூசினால் வழியாமல் நிற்க வேண்டும். அரைத் தேக்கரண்டி இரண்டு மூன்று கடிக்குத் தாராளம். 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடாவோ அதற்கு எதிரான காரத்தன்மை கொண்டது. இரவெல்லாம் விட்டால் தோல் வறண்டு அரிப்பு கூடும். சொறிந்து உரிந்த இடத்தில் பூசவே கூடாது. பேக்கிங் பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். அது இதற்கு உதவாது.

கற்றாழை மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் வடியும்வரை காத்திருங்கள். அந்தப் பாலே சிலருக்கு அரிப்பு தரும். கழுவிய பிறகு உள்ளிருக்கும் சோறு மட்டும் போதும்.

எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் கொப்புளமும், வாரக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரலாம். நசுக்கிய பூண்டு தோலைப் பொசுக்கும். கரண்டியைச் சூடாக்கிக் கடிவாயில் வைக்கும் வைத்தியம் இன்னும் மோசம். அரிப்புக்கென்று விற்கும் சூட்டுக் கருவிகள் சுமார் 50 டிகிரி செல்சியஸில் சில வினாடிகளோடு நின்றுவிடும். கரண்டியின் சூட்டை யார் அளந்து பார்க்கிறார்கள்?

தேனீ கொட்டினால் முதல் வேலை கொடுக்கை எடுப்பது. நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடித்து இழுத்தாலும் சரி, தாமதிக்கக் கூடாது. கொடுக்கோடு ஒட்டிய பை விஷத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்தும் சிவப்பு பரவினால், அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்து வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அது தொற்று. மருத்துவரிடம் போக வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ எதையும் தடவிப் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்