சாரை தானாகத் தங்கட்டும்

அன்பு மகன் செந்திலுக்கு,

நாலு சாரையைப் பிடித்து வந்து தோப்பில் விட்டால் விஷப்பாம்பு ஒழியாதா என்று கேட்டிருந்தாய். பிடிக்கவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், பலனும் கிடையாது. வேற்றிடத்துப் பாம்பு பொந்தும் இரையும் தெரியாமல் அலைந்து, சாலையிலோ கீரி வாயிலோ முடிந்துபோகும். தோப்பில் ஏற்கெனவே திரியும் சாரையைத் தங்க வைப்பதுதான் வழி.

சாரை நல்ல பாம்பைத் தின்று தீர்க்கும் என்று நம்பாதே. எப்போதாவது சிறு பாம்பை விழுங்கும், அவ்வளவுதான். அதன் வேலை எலி. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் எலியைத் தேடித்தான் வருகின்றன. நல்ல பாம்பு பல நேரம் குடியிருப்பதும் எலி வளையில்தான். எலி குறைந்தால் அவற்றின் நடமாட்டமும் குறையும். கட்டுவிரியனுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது பெரும்பாலும் மற்ற பாம்புகளையே தின்னும். சுருட்டை விரியனோ தேள், பூரான், பல்லி என்று பிழைத்துக்கொள்ளும். அதனால் சாரை இருக்கிறதே என்று தரையில் படுக்காதே. கட்டிலும், பாயின் அடியில் செருகிய கொசுவலையும் கட்டாயம்.

முதலில் எலி மருந்தை நிறுத்து. புரோமடியலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைத் தின்னும் சாரைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் ஏறும். பசை அட்டையில் பாம்பும் ஒட்டிக்கொள்ளும். கூண்டுப் பொறி போதும். வேலியில் கட்டிய நைலான் வலையையும் அவிழ்த்துவிடு. அதில் தலை நுழைத்த சாரை பின்வாங்க முடியாது, இழை செதிலுக்குள் மாட்டி வெயிலிலேயே செத்துப்போகும். சாரை முட்டையையும் குஞ்சையும் விடாது, ஆகவே கோழிக்கூண்டுக்கு அரை அங்குலக் கம்பி வலை அடி.

மட்டைக் குவியலை வீட்டிலிருந்து தள்ளி, தோப்பின் கடைசி மூலையில் போடு. வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஓலை, விறகு, செங்கல் எதுவும் கிடக்கக் கூடாது. அந்தக் குவியலில் சாரை ஒதுங்கும், கண்ணாடி விரியனும் படுக்கும். கையால் மட்டையை இழுக்காமல், பூட்ஸ் போட்டுக்கொண்டு நீளக் கம்பால் புரட்டு.

நல்ல பாம்பு என்று நினைத்துச் சாரையை அடித்துவிடாதே. சாரைக்குக் கண் பெரியது, உருண்டை. உதட்டுச் செதில்களுக்கிடையே கறுப்புக் கோடுகள் நிற்கும். கழுத்து மெலிந்து தலை தனியாகத் தெரியும், பகலில்தான் மேயும். சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன என்று ஊரில் காட்டுவார்களே, பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. கட்டுவிரியன் என்று தவறாக அடிபடும் இன்னொன்று வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமில்லாத பாம்பு. வரையனுக்குப் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு நேர்மாறு. சந்தேகம் வந்தால் கிட்டே போகாதே, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடு.

கடிபட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழை. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து வை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். தூங்கி எழுந்தவருக்கு வயிற்று வலியோ, இமை சரிவோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே.

காவல்கார அண்ணனுக்கும் இதைப் படித்துக் காட்டு. சாரையைக் கண்டதும் தடியை எடுப்பவர் அவர்தான்.

அப்பா