தாடைக் கட்டிகளைக் காலந்தாழ்த்தாமல் கண்டறிய ஒழுங்கு செய்யக் கோரும் மனு

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வடக்கு மாகாணம்.

ஊடாக: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

ஒட்டுசுட்டான் பகுதி மக்கள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

வாய்ப் புற்றுநோயை அறியாதவர் வன்னியில் குறைவு. வெற்றிலை, புகையிலை, வெள்ளைத் திட்டு, ஆறாத புண் என்று கிளினிக் சுவரெல்லாம் படங்கள். இருக்கவும் வேண்டும், இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் அதுதான். நாங்கள் எழுதுவது அந்தப் படங்களில் இல்லாத கட்டிகளைப் பற்றி. பல் உருவாக்கும் இழையத்திலிருந்து தாடை எலும்புக்குள் வளரும் அமெலோபிளாஸ்டோமா, அண்ணத்துச் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் கட்டிகள் போன்றவை வெற்றிலையைத் தொடாதவருக்கும் வரும்.

எங்கள் ஊரில் வயல் வேலை செய்யும் பெண்ணொருவருக்குக் கீழ்க் கொடுப்பு வீங்கியது. நோவில்லை. கொடுப்புப்பல் ஆடியதால் பிடுங்கினார்கள். காயம் ஆறியது, வீக்கம் வற்றவில்லை. திரும்பத் திரும்ப அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தபோது, எலும்பு சவர்க்கார நுரைபோல் அறையறையாகக் கரைந்திருந்தது. பயொப்சி, அதாவது பரிசோதனைக்காக ஒரு சிறு துண்டு எடுத்து, அதைப் போட்ட போமலின் போத்தலைக் கணவர் கையிலேயே கொடுத்துப் பேராதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மாங்குளத்தில் பஸ் ஏறியவர் கண்டிவரை அதை மடியில் வைத்திருந்தார். மூடி சரியாக இறுகவில்லை. மணம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

அமெலோபிளாஸ்டோமா பெரும்பாலும் உடலெங்கும் பரவுவதில்லை. ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். சுரண்டி மட்டும் எடுத்தால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். பிந்தினால் தாடையின் பெரும்பகுதியையே வெட்டியெடுக்க வேண்டிவரலாம். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு கட்டவும் இயலாது, கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டியும் அதே தோற்றம் காட்டும். அதை உலக சுகாதார நிறுவனமே 2005 இல் கட்டிகளோடு சேர்த்து, 2017 இல் நீர்க்கட்டியாகத் திருப்பி எழுதியது.

விசாரித்தபோது, இது அரிதான நோய் என்றார்கள். எத்தனை பேருக்கு என்று கேட்டோம், பதிலில்லை. புற்றுநோய்ப் பதிவேடு புற்றுநோயைத்தான் எண்ணும். புற்றுநோயாகக் கணக்கிடப்படாத அமெலோபிளாஸ்டோமா அதில் ஏறாது. பயொப்சி எடுக்காத வீக்கம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் வற்றாத தாடை வீக்கத்துக்கு மறுபடியும் மருந்து எழுதி அனுப்பாமல், ஓபிஜி எடுத்து வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி எல்லாப் பல் சிகிச்சை நிலையங்களுக்கும் சுற்றறிக்கை விடுக்குமாறு வேண்டுகிறோம். பயொப்சி மாதிரியைத் திணைக்களமே கொண்டுசேர்க்க வேண்டும். மாதிரியில் எலும்பு இருந்தால் அதன் சுண்ணாம்பை அகற்றிய பிறகே மெல்லியதாக வெட்டிப் பார்க்க முடியும் என்பதால் முடிவு வர நாட்கள் எடுப்பது புரிகிறது. வந்த முடிவையாவது நோயாளியை அழைத்துச் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து போகும் மாதிரிகளில் எந்த வகைக் கட்டி, எந்த வயதில், எத்தனை என்று ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடவும் ஆவன செய்யுங்கள்.

எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
ஒட்டுசுட்டான் பகுதி மக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)