மைலேஜ் மட்டும் கேட்கும் பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மைலேஜ் எவ்வளவு குடுத்துச்சு?" ஐந்து நாள், ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி, காடும் மலையும் கடலும் சுற்றிவிட்டு வந்தவளிடம் முதலில் கேட்கிற கேள்வியா அது? பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் பெரியம்மா எடுத்தார்கள், நீங்கள் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டீர்களாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பேரன் வாசித்துக் காட்டுவான். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலை நாலரைக்கு பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து கிளம்பினோம். முந்தின நாள் கட்டிய வாழைக்கன்று பம்பரில் அப்படியே இருந்தது. நான், உங்கள் மாப்பிள்ளை, பிள்ளைகள் இருவர், என் மாமியார். மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டுபவருக்கு யோசனை சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. விடுமுறை நாளில் நெலமங்களாவை வெளிச்சம் வருவதற்குள் தாண்டாவிட்டால் பாதி நாள் அங்கேயே போய்விடும். அந்த வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. தும்கூர் வருவதற்கு முன் கியாதசந்திராவில் தட்டு இட்லிக்கு நின்றோம். திப்டூர் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சின்னவன் வாந்தி எடுத்தான். அரசிக்கெரேயில் அத்தைக்குக் காபி. கடூரில் மறுபடி வாந்தி. சிவமொக்கா தாண்டி, தீர்த்தஹள்ளி சாலையில் துங்கா நதியோரம் சக்ரெபைலு யானை முகாம் இருக்கிறதே, அதுதான் சின்னவனுக்காகப் போட்ட முதல் நிறுத்தம். அங்கே காலை வேளையில்தான் யானைகளை ஆற்றில் குளிப்பாட்டுவார்கள், வெயில் ஏறியதும் காட்டுக்குள் மேய அனுப்பிவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஈரப் படித்துறையும் யானைச் சாணமும் பார்த்தோம். சின்னவன் அழுத அழுகையில் பாகன் ஒருவர் மனசு இரங்கி, இடுப்பில் செருகியிருந்த அங்குசத்தைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நீங்கள் லாரி ஓட்டிய காலத்தில் லோடு ஏற்றப் போகும்போது "கேட் மூடுற நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வண்டிய எடு" என்று கிளீனரிடம் கத்துவீர்களே, அது நினைவுக்கு வந்தது. காட்டுக்கும் கேட் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகும்பேயில் இரண்டு ராத்திரி தங்கினோம். சொந்த வீட்டின் பின்கட்டில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிற ஒரு பாக்குத் தோட்டக்காரர் வீடு. வருஷத்துக்குச் சுமார் 7,600 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. நம் பெங்களூருக்கு ஆயிரத்தை ஒட்டித்தான். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று சமவெளியில் தடையில்லாமல் வந்து, மலைச்சுவரில் முட்டி, மேலே ஏறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. அக்டோபரில் பருவமழை ஓய்ந்திருந்தாலும் இரண்டு நாளும் சாயங்காலம் இடியோடு ஒரு மணிநேரம் பெய்தது. மழை விட்ட பிறகு தவளைகள் போடுகிற சத்தத்தில் அறைக்குள்ளேயே உரக்கப் பேசவேண்டியிருந்தது. துணி எதுவும் காயவில்லை. தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது.

காட்டுக்குள் தோட்டக்காரரோடு நடந்தோம். அட்டைக்குப் பயந்து உப்பு மூட்டையை அத்தை இடுப்பிலேயே முடிந்துகொண்டார்கள். அப்படியும் எனக்கு மூன்று, மகளுக்கு இரண்டு. மாப்பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. "அட்டைக்கும் ருசி தெரியுது" என்றார்கள் அத்தை, சொந்த மகனைப் பற்றி! ராஜநாகத்தை அங்கே காளிங்க சர்ப்பம் என்கிறார்கள். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர்தான் 2005-இல் ஆகும்பேயிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். அங்கே ராஜநாகத்தின் உடம்பில் ரேடியோ கருவி பொருத்தி, அது எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்து படித்தார்கள். பாம்புகளிலேயே இலைச் சருகைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடுவது அது ஒன்றுதான். நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு வருத்தமும் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் தலைக்கு மேலே யாரோ கிழவர் இருமி இருமிச் சிரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டு அண்ணாந்தால், சாம்பல் இருவாச்சிப் பறவை இரண்டு. பெரியவள் கழுத்து வலிக்க வலிக்க அரைமணி நேரம் அப்படியே நின்றாள். கையில் போன் இருந்தும் படம் எடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு. சக்ரெபைலுவில் போனதெல்லாம் அங்கே ஈடாகிவிட்டது.

சூரியன் மறைவதைப் பார்க்கும் முனையில் முதல் நாள் வெறும் மேகம்தான். இரண்டாம் நாள் மழை முடிந்து வானம் வெளுத்தபோது, தூரத்தில், காட்டுக்கெல்லாம் அந்தப் பக்கம் வெள்ளிக் கம்பி வைத்ததுபோல ஒரு கோடு. கடல்! மலைமேல் நின்றுகொண்டு கடலைப் பார்த்தேன் பெரியப்பா.

இனி சொல்லப்போவதற்குத் திட்டக்கூடாது.

ஆகும்பே மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. 70 வளைவு இருக்கிற கொல்லிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரி நான், பதினாலெல்லாம் ஒரு கணக்கா என்ற திமிரோடு மூன்றாம் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்தே இறக்கினேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் நீங்கள் எனக்கு வண்டி பழக்கியபோது, பொட்டலில் மலையே இல்லாதபோதும், நூறு தடவை சொன்னது ஒன்றுதான். "ஏறுற கியர்லதான் இறங்கணும். பிரேக் நிறுத்தறதுக்கு, இறக்கறதுக்கு இல்ல." அதைத்தான் மறந்தேன். எட்டோ ஒன்பதோ வளைவு தாண்டியதும் எரிந்த ரப்பர் மாதிரி நாற்றம். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனது. வயிற்றுக்குள் என்னமோ புரண்டது. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மலைப் பக்கமாக ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். முன்சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை.

மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தில் ஊற்ற ஓடினார். நல்லவேளையாக எதிரே ஏறி வந்த மினி பஸ் டிரைவர் அதைப் பார்த்து, "பேடா, பேடா!" (வேண்டாம், வேண்டாம்) என்று கத்தினார். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் கோணிவிடும். அவர் வண்டியை நிறுத்தி, தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சொன்னது: "செகண்ட் கியர் ஹாகம்மா, பிரேக் முட்டபேடா." நீங்கள் சொன்னதுதான், கன்னடத்தில். அரைமணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் இரண்டாம் கியரிலேயே, அங்கங்கே முதலாம் கியரில், இஞ்சின் முனக முனக இறக்கினேன். கீழே சோமேஷ்வரில் காட்டுச் சோதனைச்சாவடி வந்ததும் சின்னவன், "ஏம்மா உன் கை நடுங்குது?" என்றான். உடுப்பியில் மெக்கானிக்கிடம் காட்டினேன். பிரேக் பேட் பளபளவென்று கண்ணாடி ஆகிவிட்டதாம், மாற்றிக் கொடுத்தார். ஊருக்கு வந்ததும் போனில் உங்களிடம் சொல்லாததற்கு இதுதான் காரணம். சிக்னலைக் குறை சொன்னதில் பாதி பொய்.

உடுப்பியை வேகமாகக் கடக்கிறேன். கிருஷ்ணனை ஒன்பது துளை சன்னல் வழியாகக் கும்பிட்டோம், அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. முருடேஷ்வர் போய் 123 அடிச் சிவனைப் பார்க்கவில்லையே என்று மட்டும் குறை. பிரேக்கைக் காரணம் காட்டி நான் வெட்டிவிட்டேன். ஐந்து நாளில் அதையும், ஜோக் அருவியையும், கோகர்ணாவையும் திணித்து மாப்பிள்ளை ஒரு அட்டவணை போட்டிருந்தார். அதன்படி போயிருந்தால் எல்லா ஊரிலும் பார்க்கிங்கை மட்டும் பார்த்திருப்போம்.

மல்பே மீன்பிடித் துறைமுகத்தில் அத்தை கோயிலை மறந்துவிட்டார்கள். அஞ்சல் என்கிறார்கள், பார்த்தால் நம் வஞ்சிரம். பங்குடே என்றால் அயிலை. காணே என்று ஒன்றை ரவை தடவிப் பொரித்துத் தந்தார்கள், அது கிழங்கான். அங்கிருந்து படகில் செயிண்ட் மேரிஸ் தீவு. மழைக்காலத்தில் படகு கிடையாது, கடல் அடங்கிய பிறகுதான் விடுகிறார்கள். தீவு முழுக்க நெட்டுக்குத்தாகக் கல்தூண்கள், பென்சில் பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி, நிறையத் தூணுக்கு ஆறு பக்கம். ஏதோ கோயில் கட்டிப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் அத்தை நினைத்தார்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்தது அது. கோடையில் ஏரி மண் பாளம் பாளமாக வெடிக்குமே, அதே சங்கதிதான், இங்கே கல்லில், ஆழமாக. நடந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்து போன சமயத்தில். பெரியவள் ஒரு தூணின்மேல் உட்கார்ந்து மேற்கே பார்த்து, "அப்போ மீதிக் கல்லு அங்க இருக்குமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே மரவந்தே வரை போனோம். இது உங்களுக்காகவே போனது. இடது கைப் பக்கம் கடல், வலது கைப் பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் தார் ரோடு. நீங்கள் கார்வாருக்கும் கோவாவுக்கும் ஓட்டியபோது அதற்கு 17-ஆம் நம்பர். இப்போது 66 என்று பலகை. எத்தனை தடவை அதில் போயிருப்பீர்கள்? சின்ன வயதில், "மங்களூர்ல கடல் எப்படி இருக்கும் பெரியப்பா?" என்று கேட்டதற்கு, "டோக்கன் வரிசைதான் தெரியும், கடலை யாரு பாத்தா" என்றீர்கள். ஹொஸ்பேட்டையிலிருந்து இரும்புத் தாது ஏற்றிப்போய்த் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, உரமோ மரமோ ஏற்றிக்கொண்டு திரும்புவீர்கள். எங்களுக்கு ஒரு மங்களூர் வெள்ளரிக்காய் வரும். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. எனக்குக் கடல் என்றால் அந்த வெள்ளரிக்காய்தான். துறைமுகத்தை ஒட்டியே பணம்பூர் கடற்கரை இருக்கிறது என்பது இந்தத் தடவை வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வரிசையில் நீங்கள் படுத்துக்கிடந்த இடத்திலிருந்து நடக்கிற தூரம்.

திரும்பும்போது ஷிராடி மலைப்பாதை வழி. நீங்கள் ராத்திரி ராத்திரியாக மாட்டிக்கொண்ட குழிகளெல்லாம் இல்லை. 2015-லும் 2018-லும் இரண்டு தவணையாக ரோட்டை மூடிவைத்து சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். நாலு வழிப் பாதைக்காக இப்போது வேறு இடங்களில் மலையை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டின இடத்திலெல்லாம் செம்மண் பச்சைப் புண் மாதிரித் தெரிகிறது. மழையில் அதுதான் சரிகிறது.

குண்ட்யா தாண்டி ஏறும்போது முன்னால் ஒரு லாரி, டிஎன் 28. நாமக்கல் வண்டி! முழு லோடு, முதலாம் கியரில் நடந்துபோகிற வேகம். ஒரு நேரான இடத்தில் டிரைவர் கையை வெளியே நீட்டி, போ போ என்று சைகை காட்டினார். நான் போகவில்லை. பின்னால் வந்த கார்களை எல்லாம் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஏறினேன். மாப்பிள்ளை கடிகாரத்தைக் காட்டினார், நான் பார்க்கவில்லை. தோனிகல் பக்கம் டீக்கடையில் அவர் ஓரம் கட்டினார், நானும் கட்டினேன். எருமப்பட்டிக்காரராம். உங்கள் பேரைச் சொன்னேன், தெரியவில்லை. வயசுக்காரர் இல்லை, முப்பதுதான் இருக்கும். "கடல் பாத்தீங்களா அண்ணா?" என்று கேட்டேன். டீயை ஊதிக்கொண்டே சிரித்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்சீட் உங்களுக்கு. மாப்பிள்ளை பின்னால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், கேட்டுவிட்டேன். பெரியம்மாவுக்கு மல்பே மீன். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதீர்கள், மரவந்தேயில் இறங்கவே வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும்.

மைலேஜ் கேட்டீர்களே. ஏசி போட்டு, மலையையும் சேர்த்து, பதினாறரை. போகும்போது பதினைந்துதான் வந்தது. இரண்டாம் கியரில் இறக்கப் பழகிய பிறகு பெட்ரோல் பெடலையே அவ்வளவாகத் தொடவில்லை.

உங்கள் மகள்,
ஸ்ரீராம்புரத்திலிருந்து