அன்றைக்குச் சொன்ன சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தையல் ஆறிவிட்டதா? குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. துணி, பாத்திரமெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். "உனக்கு உதவியாகச் செய்யட்டும்" என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். அவர் வீடும்தானே, அதில் உதவி என்ன?

போட்டோக்கள் எல்லாம் அப்பா போனுக்கே வருகின்றன. காதோரம் அவளுக்கு முடி சுருண்டிருப்பதை அதில்தான் பார்த்தேன். பத்தொன்பது நாளாக எனக்கு ஒரு வார்த்தை இல்லை. பெற்றவளிடம் இப்படி இருக்கலாமா?

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருநாள் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "விதவைக்கு ஆண்பால் என்ன டீச்சர்?" என்றாள். தேர்வுக்கு வராது, உட்கார் என்றேன். தெரியாமல் இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை, மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை என்று இரண்டு பேருக்கும் சொல் உண்டு. ஆனால் தபுதாரன் என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? வாழாவெட்டிக்கு ஆண்பாலே கிடையாது. தீர்ப்பில் பெண்களைப் பற்றி எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும், பதிலுக்கு எதை எழுத வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே நீதிபதிகளுக்குக் கையேடு போட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பாடம் நடத்தியவளும் நான்தான்.

நீ வேலையில் சேர்ந்தபோது, "ஆம்பளப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பெருமையில்தான் சொன்னேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றதும், "பரவாயில்லை" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. உனக்குக் கேட்டிருக்கும். தெரியாமல் காலை மிதித்தவர்களிடம் சொல்கிற சொல் அது. நான் பிறந்தபோது என் பாட்டியும் அதையேதான் சொன்னாளாம். அதைச் சொல்லிச் சொல்லி என் அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் வாயில் அதுதான் வந்தது பாப்பா. என்னை மன்னித்துவிடு.

கழுத்து நிற்கும்வரை தலைக்குக் கை கொடுத்துத் தூக்கு. கனமாக எதையும் தூக்காதே. அவள் தூங்கும்போது நீயும் தூங்கு. எழுந்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி.

அம்மா