லீவு விடுங்கள், ரெக்கார்ட் நோட்டைக் கூடவே கட்டி அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் டியூட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் மேடம். சார்களும் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் வணக்கம்.

நான் வார்டில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் பிள்ளைகள் வார்டுப் பயிற்சிக்கு, அதாவது போஸ்டிங், வரும்போது பக்கத்தில் நிற்பவள். கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ நீங்கள் விடும் லீவு முடிந்து அவர்கள் டியூட்டிக்கு வரும் முதல் நாள் முகத்தைப் பார்த்தால், ஊருக்குப் போகும்போது இருந்த களைப்பைவிட ஒரு பங்கு கூடத்தான் இருக்கிறது. என்னம்மா, ஊரில் நல்லாத் தூங்கினாயா என்று கேட்டால் "ரெக்கார்ட் முடிச்சேன் சிஸ்டர்" என்று பதில் வருகிறது. வார்டில் செய்ததையும் படித்ததையும் கையால் எழுதிக் காட்டும் நோட்டுதான் இந்த ரெக்கார்ட்.

லீவுக்கு முந்தின நாள் நீங்கள் பலகையில் எழுதிப்போடும் பட்டியலை ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள். கேர் பிளான் (ஒரு நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்), கேஸ் ஸ்டடி, டிரக் ஃபைல் (மருந்துக் குறிப்புகள்), ஹெல்த் டாக்குக்கு சார்ட், ஃபிளாஷ் கார்டு, விட்டுப்போன புரொசீஜர்களை ஏற்றிய லாக் புக், திறந்த அன்றைக்கே சப்மிஷன். எல்லாம் கையால் எழுத வேண்டும், ஓரம் கோடு போட வேண்டும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கலர் பென்சிலில் படம் வரைய வேண்டும். இதில் பாதி சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எழுதுகிற பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அப்படியிருக்க அதை மாட்டுப்பொங்கல் அன்று உட்கார்ந்து எழுதுவதில் யார் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

படிப்பின் தொடக்கத்திலேயே நர்சிங் கோட்பாட்டாளர் விர்ஜினியா ஹென்டர்சன் சொன்ன 14 அடிப்படைத் தேவைகளை நெட்டுரு போட வைக்கிறீர்கள். உறக்கமும் ஓய்வும் அதில் ஒன்று. அப்புறம் அதே பிள்ளைகள் கேர் பிளானில் நோயாளிக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது என்று டயக்னோசிஸ் போட்டு, விளக்கைக் குறைக்கவும், சத்தத்தைக் குறைக்கவும், செய்ய வேண்டிய வேலைகளை ஒரே நேரத்தில் முடித்துவிட்டு இடையில் எழுப்பாமல் விடவும் என்று இன்டர்வென்ஷன் எழுதுகிறார்கள், நீங்களும் டிக் போட்டு மார்க் கொடுக்கிறீர்கள். அதை எழுதும்போது அந்தப் பிள்ளை நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து இன்னும் படுக்கவில்லை.

சரி, உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம், மொத்தம் 800 மணி நேரம் காட்ட வேண்டும். 80 சதவீத வருகை இருந்தால் பரீட்சை எழுதலாம், ஆனால் பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கலில், அதாவது வார்டுப் பயிற்சியில், 100 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். ஆக, நவம்பர் மழையில் டெங்கு வந்து படுத்த பிள்ளை அந்த நாட்களின் டியூட்டியைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். அதற்குக் கையில் கிடைப்பது லீவு நாட்கள்தான் என்று நீங்கள் அதிலேயே கை வைக்கிறீர்கள். விடுபட்ட டியூட்டியை அடுத்து வரும் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்களேன். நோயில் படுத்து எழுந்த பிள்ளைக்குத்தானே மற்றவர்களைவிட அந்த லீவு அதிகம் தேவை?

இன்னொரு சங்கதியும் இருக்கிறது, சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் கல்லூரிகள் சிலவற்றில் பாதிப் பேருக்குக் கிறிஸ்துமஸ், மீதிப் பேருக்குப் பொங்கல் என்று பிரித்து அனுப்புவது படிப்புக்காக இல்லை. பண்டிகை நேரத்தில் ஸ்டாஃப் லீவு கேட்பார்கள், வார்டில் ஆள் பற்றாது, சம்பளம் கேட்காத கைகள் ஹாஸ்டலில் இருக்கின்றன. ஆள் பற்றவில்லையென்றால் ஆள் எடுக்க வேண்டியது நிர்வாகம். ஃபீஸ் கட்டிப் படிக்கும் பெண்ணை வைத்து அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது, அதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லக்கூடிய நாற்காலியில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"நாங்களும் இப்படித்தான் படித்தோம்" என்பது எந்த டியூட்டரிடம் பேசினாலும் ஒருதரமாவது காதில் விழும். படித்தோம்தான். தூங்காத கண்ணோடு, இரத்த அழுத்தத்தை ஏற்றும் டோபமைன் மருந்தின் டோஸை மைக்ரோகிராமில் கணக்குப் போட்டதும், தப்பாகிவிடுமோ என்று கை நடுங்கியதும் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதைக் கடந்து வந்தது நம் திறமை பாதி, நோயாளியின் அதிர்ஷ்டம் பாதி. மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காக தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். அதே வார்டில், அதே நோயாளியின் மறுபக்கம் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு உடம்பா?

இப்போது சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை முதல் முதலாக ஒரு சாவைப் பார்க்கிறாள். காலையில் வாய் கழுவிவிட்டு, தலை வாரிவிட்டு, "நீ எந்த ஊரு பாப்பா" என்று கேட்ட பாட்டி மதியம் இல்லை. மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டி, துணி சுற்றி அனுப்பிவிட்டு, அடுத்த பெட்டுக்கு வைட்டல்ஸ் பார்க்கப் போக வேண்டும். அன்றைக்கு அழ நேரம் கிடையாது. சாயங்காலம் அசைன்மென்ட், இரவு வார்டன் அட்டெண்டன்ஸ். அந்தத் துக்கம் எங்கேயும் போகாமல் உள்ளேயே கிடந்து, ஊரில் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மத்தியானத்தில் மேலே வருகிறது. திடீரென்று அழுகிறாள், சோறு இறங்கவில்லை, அம்மாவுக்கு என்னவென்றே தெரியாமல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. லீவுக்கு முந்தின நாள் அந்தப் பலகையில் பட்டியல் எழுதும் நேரத்தில், வட்டமாக உட்காரவைத்து இந்த செமஸ்டரில் யார் யாருக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். யாரும் பேசாவிட்டாலும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இலவசம்தான், தமிழிலும் பேசலாம்.

தூக்கத்தைப் பற்றியும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் சிரிக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கட்டும், யாரும் எழுப்பக் கூடாது. ஆனால் லீவு முழுக்க விடியற்காலை வரை போனைப் பார்த்துவிட்டு மதியம் எழுந்தால், திறந்த அன்று காலை ஏழு மணி டியூட்டிக்கு உடம்பு ஒத்துழைக்காது. உடம்பின் கடிகாரம் ஒரே இரவில் திரும்பாது, கடைசி மூன்று நான்கு நாளாவது நேரத்தோடு படுத்து, காலையில் எழுந்து வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும். மார்கழிப் பனியில் கோலம் போட எழுந்தாலும் அதுவே போதும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடச் சொல்லுங்கள். அதைவிட, நீங்களே அதில் எதுவும் போடாமல் இருங்கள்.

வீட்டிலும் ஒரு தொல்லை உண்டு. நர்சிங் படிக்கும் பெண் வந்துவிட்டாள் என்றால் பெரியப்பாவுக்கு பிபி, பக்கத்து வீட்டு அத்தைக்கு சுகர், தெருவில் யாருக்கோ ஊசி, அதுபோக அடுப்படியில் அம்மாவுக்குக் கையுதவி. பையன்களுக்கு இந்தக் கடைசி வேலை மட்டும் இல்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றி மட்டும் பேசாமல், பிள்ளை ஊருக்கு வந்தால் டியூட்டி போடாதீர்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்பு வேறு.

ரெக்கார்ட் கொடுக்காவிட்டால் உங்களுக்கும் லாபம்தான். லீவு முடிந்த மறுநாள் ஒரு மேசை நிறைய நோட்டைத் திருத்த வேண்டியதில்லை. டியூட்டர்களும் சம்பளம் குறைவாக வாங்கிக்கொண்டு பாதி இரவு நோட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள்தானே?

கடைசியாக, தேதி. லீவு உண்டா, எத்தனை நாள் என்பதை முந்தின நாள் சாயங்காலம் சுற்றறிக்கையில் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் திறந்த சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தேதி தெரியாத பிள்ளை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்று, கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஒரு நாள் லீவை வழியிலேயே தொலைக்கிறாள். ஆகவே அக்டோபர் முதல் வாரத்துக்குள் எந்த பேட்ச் எப்போது கிளம்பி எப்போது திரும்ப வேண்டும் என்று எழுதி ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள், ஒட்டிய பிறகு மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளோடு டியூட்டி பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்