அந்த நாலு நாள் விசாரணை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியானது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாய்: கோடீஸ்வரனைத் தப்ப வைக்க வாதாடும் வக்கீல்கள் மேல் உனக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று. ராஜ் ராஜரத்தினம் வழக்கை வைத்தே சொல்கிறேன்.

கொழும்பில் பிறந்த தமிழர், நியூயார்க்கில் கேலியன் என்ற முதலீட்டு நிதியத்தை நடத்தியவர். கம்பெனிகளின் உள்தகவலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பங்கு வாங்கி விற்றார் என்று 2009 அக்டோபரில் கைது செய்தார்கள். முக்கியமான சாட்சி அவருடைய குரலேதான். அவர் செல்போனை மாதக்கணக்கில் ஒட்டுக் கேட்டிருந்தார்கள்.

ராஜரத்தினம் தரப்புக்கு ஜான் டவுட் தலைமையில் வக்கீல்கள். பதிவுகளை சாட்சியமாக எடுக்கவே கூடாது என்று மனுப் போட்டார்கள். ஒட்டுக் கேட்பதற்கான அமெரிக்கச் சட்டம் 1968-ல் வந்தது. வழக்கமான புலனாய்வு பலிக்கவில்லை, அல்லது பலிக்காது என்று நீதிபதியிடம் காரணத்தோடு காட்டினால்தான் அனுமதி. 2008 மார்ச்சில் அப்படித்தான் பிரமாணப் பத்திரம் போட்டு அனுமதி வாங்கினார்கள். ஆனால் பங்குச் சந்தை ஆணையம் அதற்கு முன்பே அவரை விசாரித்துக்கொண்டிருந்தது. கட்டுக்கட்டாக ஆவணங்கள் வாங்கி, 2007-லேயே அவரை உட்கார வைத்து சத்தியப் பிரமாணத்தின் மேல் கேள்வி கேட்டிருந்தது. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, மாப்ளே! நம்மில் யாராவது அப்படி ஒரு அபிடவிட் போட்டிருந்தால் சீனியர் கட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பார்.

2010-ல் அந்த ஒரு விடுபடலுக்காக மட்டும் நாலு நாள் விசாரணை நடந்தது. அரசுத் தரப்பு உண்மையைப் பற்றிப் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டது என்றே நீதிபதி ஹோல்வெல் எழுதினார். ஆனாலும், முழு விவரத்தைச் சொல்லியிருந்தாலும் ஒட்டுக் கேட்க அவசியம் இருந்திருக்கும் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். அப்புறம் 2011-ல் ஜூரி முன் பதிவுகள் ஓடின. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற வங்கி பங்குக்கு 2 டாலர் நஷ்டம் காட்டப்போகிறது என்று அதன் இயக்குநர் குழுவில் இருப்பவரிடமிருந்து கேள்விப்பட்டதாக, தன் ஊழியரிடம் ராஜரத்தினமே பேசுகிற குரல். அதற்கு மேல் எந்த வக்கீல் என்ன செய்ய முடியும்? 14 குற்றச்சாட்டிலும் குற்றவாளி, 11 வருட சிறை. தண்டனை சரி என்றே நானும் நினைக்கிறேன்.

என்னை வருத்துவது 2013-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புதான். தண்டனையை உறுதி செய்ததோடு, அரசுத் தரப்பு பொறுப்பில்லாமல் நடந்தது என்ற முடிவையும் தவறு என்று சொல்லிவிட்டது. நீதிபதியிடம் அனுமதி கேட்கப் போகிறவர் தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆள் தன் காசைக் கொட்டி வாதாடி, ஒரு நீதிபதியை எழுதவும் வைத்தான். அதை அழித்தது எனக்கு ஒப்பவே இல்லை. ஏழை மேல் இதே பத்திரம் வந்திருந்தால் யார் நாலு நாள் கேட்டிருப்பார்கள்? நம் நாட்டில் ஒட்டுக் கேட்க நீதிபதியிடம் போகவே வேண்டாம், உள்துறைச் செயலாளர் உத்தரவு போதும். போன வருடம் என்னிடம் வந்த ஒரு லாரி டிரைவர் வழக்கில் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு நாலு வாய்தா நடந்தேன். கட்சிக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, கோர்ட் வராந்தாவில் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெரியவளுக்கு அடுத்த மாதம் மாதிரி நீதிமன்றப் போட்டி. இதே விஷயம்தான், அவளுக்கு அரசுத் தரப்பு விழுந்திருக்கிறது. ஹோல்வெல் எழுதிய பக்கங்களை அடிக்கோடிட்டுக் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது உன் கேள்வியை அவளிடமும் கேள்.

அம்மாவை இன்னும் கொஞ்ச நாள் அடுப்பு பக்கம் போக விடாதே.

அன்புடன்,
உன் நண்பன்